குடியிருக்கும் வீடுகள்: எட்டு

கோர்னி யாசென்
6 பிப்ரவரி 2023

தங்கை வெலிகாவுக்கு,

நான் குடியிருக்கும் வீட்டை ஆளில்லாத வீடு என்று அரசாங்கம் அச்சடித்துவிட்டது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைப் படி.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். நூலகத்தில் நம் மாவட்டத்தின் புதிய விவரப் புத்தகம் வந்திருந்தது. மக்கள்தொகை, வீட்டு வசதி, தொழில் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்றாலும், கூட்டுப் பண்ணையின் பம்ப் அறையில் முப்பது வருடம் உட்கார்ந்து கண்ணில் பட்ட புத்தகத்தையெல்லாம் படித்தவன். அட்டவணை என்றால் எனக்குப் பயமில்லை. பக்கம் 214. கோர்னி யாசென்: மக்கள் 9. வீடுகள் 58. குடியிருப்பவை 7. காலி 51.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எட்டு வீடு, பத்துப் பேர். மேல் தெருவில் வந்து மூன்று வருடமான அந்த ஆங்கிலேயனைக்கூட எண்ணியிருக்கிறார்கள். விட்டுப்போன ஒரே ஆள், இங்கேயே பிறந்து எழுபத்தொன்பது வருடமாக இங்கேயே இருக்கிற நான்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்து பஸ் கிடையாது என்று நகராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் வருகிற அந்த ஒரு பஸ். நிறுத்திவிட்டால், அடுத்த நிறுத்தத்துக்கு ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு மித்ரா அந்த இடுப்பு வலியை வைத்துக்கொண்டு எப்படி நடப்பாள்? கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் ரெமெதியோஸ் அம்மா நடக்கிறாரா? எனக்கு ஒன்றும் இல்லை. காது மட்டும் இன்னும் கொஞ்சம் மோசம்.

உன் அண்ணன்
லாசர்

*

வலென்சியா
21 பிப்ரவரி 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ரெமெதியோஸ் அம்மாவுக்குக்கூட மொழிபெயர்த்துச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று வயதில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "உங்க அண்ணன் இல்லாத ஆளா? இல்லாத ஆளு இவ்வளவு கத்துவாரா?" என்று கேட்டார். அவர் இப்போது நடப்பதில்லை. நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன். முழங்கால் அதற்கும் சேர்த்து வலிக்கிறது.

நான்கு பக்கம் எழுதியது போதும். ஐந்தாவது பக்கம் எழுதாதே, அவர்கள் படிக்க மாட்டார்கள்.

உறையில் மார்ச் மாதத்துக்கான சிவப்பு வெள்ளைக் கயிறு இருக்கிறது. முதல் தேதியே மணிக்கட்டில் கட்டிக்கொள். இங்கே நம் நாட்டுக்காரர் கடையில் விற்கிறார்கள், ஆனால் இது நான் திரித்தது. நாரையைப் பார்த்த பிறகுதான் கழற்ற வேண்டும், போன வருடம் போல மூன்றாம் நாளே அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடாதே.

போனில் பேசலாம் என்றால் உனக்குக் கேட்பதில்லை. அதனால் எழுதியே கேட்கிறேன். கணக்கெடுக்க ஆள் வந்தபோது நீ எங்கே இருந்தாய்?

பஸ் நின்றுவிட்டால் எனக்கும் வருத்தம்தான். ஏன் என்று கேட்காதே.

அன்புடன்
வெலிகா

*

கோர்னி யாசென்
12 மார்ச் 2023

அன்புத் தங்கைக்கு,

கயிறு வந்தது. கட்டிக்கொண்டேன். நாரை இன்னும் வரவில்லை. மின்கம்பத்தின் மேல் பழைய கூடு அப்படியே இருக்கிறது. புத்தகத்தின் கணக்குப்படி அதுவும் காலி வீடுதான்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "எங்கள் கணக்கெடுப்பாளர் 2021 செப்டம்பர் 14, 17, 21 ஆகிய நாட்களில் மூன்று முறை சென்றார். கதவு திறக்கப்படவில்லை. வெளிக்கதவில் இறப்பு அறிவிப்புகளும் கறுப்பு நாடாவும் இருந்தன. எனவே ஆளில்லாத வீடு எனப் பதிவு செய்யப்பட்டது."

இறப்பு அறிவிப்பு யாருடையது? ஸ்லாவ்காவுடையது. அதில் அவள் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. மனைவியை இழந்தவன் கதவில் ஒட்டாமல் வேறு எங்கே ஒட்டுவான்? நம் நாட்டில் எந்தத் தெருவில்தான் அறிவிப்பு இல்லாத கதவு இருக்கிறது? அதைப் பார்த்தால் வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். எல்லோரும் போய்விட்டார்கள் என்று அர்த்தமா? படித்தவர்களுக்கு இது புரியவில்லை.

நீ கேட்டிருந்தாயே. செப்டம்பர் என்றால் திராட்சை அறுவடை. நான் தோட்டத்தில் இருந்திருப்பேன்.

பிளம் மரம் மொட்டு விட்டிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அம்மாவைத் தனியாகத் தூக்காதே, அவருடைய மகனைக் கூப்பிடு.

லாசர்

*

வலென்சியா
30 மார்ச் 2023

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

திராட்சைத் தோட்டத்தை அண்ணி இறந்த வருடக் குளிர்காலத்திலேயே தேனீ வளர்க்கும் கிரோஸ்தானிடம் கொடுத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மித்ராவிடம் போனில் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரி என்றாலும் எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. ஆடுகள் நன்றாக இருக்கின்றனவாம். வேறு நிறையப் பேசினோம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு, ஈராண்டு என்று எல்லோரும் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். ஆனால் புதியதை ஒட்டும்போது பழையதை எடுத்துவிடுவார்கள். நீ நான்கையும் வைத்திருக்கிறாயாம். கதவுப் பலகையே தெரியவில்லை என்கிறாள் மித்ரா. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? அண்ணி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே ஒரு வாரமாக மழை. ரெமெதியோஸ் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் நம் ஊர்ப் பலகாரம் பனிட்சா செய்து கொடுத்தேன், உள்ளே இருந்த பாலாடைக்கட்டியை மட்டும் தின்றுவிட்டு மாவை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

அன்புடன்
வெலிகா

*

கோர்னி யாசென்
24 ஏப்ரல் 2023

தங்கைக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. பத்து முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டேன். வழக்கம் போல முட்டையோடு முட்டையை மோதி எது உடைகிறது என்று பார்க்க ஆள் இல்லை, கிரோஸ்தான் வெளியே வரவில்லை. ஒன்பதை மித்ராவிடம் கொடுத்துவிட்டேன்.

அறிவிப்பை எடுக்க மாட்டேன். நான்கில் ஒன்றையும் எடுக்க மாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

அவர்கள் எண்ணத் தெரியாதவர்கள் என்றால் நானே எண்ணிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டில் அவர்கள் போட்ட அதே கட்டங்களைப் போட்டுக்கொண்டு, போன புதன்கிழமை கிளம்பினேன். முதலில் மித்ரா வீடு. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன லாசர் அண்ணே, கையில நோட்டு? சர்க்கார் வேலை கெடச்சுதா?"

"வீட்ல எத்தன பேரு?"

"நான் ஒருத்தி. ஆடு பதினாலு. பூனைய எண்ணணுமா?"

"தொழில்?"

"காலைல நாலரைக்கு எந்திரிச்சுப் பால் கறக்கறேன், பாலாடைக்கட்டி போடறேன், வெள்ளிக்கிழமை பஸ்ல ஏத்தி டவுன்ல விக்கறேன். இதுக்கு என்ன பேரோ அத எழுதிக்குங்க. உள்ள வாங்க, மொதல்ல. ரெண்டு வருஷமா என் வாசப்படிய மிதிக்கல நீங்க."

புத்தகத்தில் நம் ஊருக்கு நேராக, தொழில் முனைவோர்: 0 என்று போட்டிருக்கிறது.

காலி வீடுகளையும் பார்த்தேன். ஐம்பதில் இருபத்திரண்டுக்குக் கூரை இறங்கிவிட்டது. பதினொன்றின் சாவி மித்ராவிடம் ஒரு டப்பாவில் இருக்கிறது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தது. பதினோரு சாவி இருக்கும் ஊரை எப்படி முழுக்கக் காலி என்பது? அதற்கு ஒரு கட்டமே இல்லை அவர்களிடம். நான் போட்டிருக்கிறேன்.

நம் வீட்டையும் எழுதினேன். அறைகள் 4, பயன்பாட்டில் 1. அன்று பொழுது போகவில்லை என்று, நீ சின்ன வயதில் படுத்துக்கொண்ட மேல் அறையில் அடுப்புக் குழாயைச் சுத்தம் செய்தேன். ஒரு வாளிக் கரி வந்தது. சும்மாதான் செய்தேன்.

நாரைகள் இரண்டு வந்துவிட்டன. கயிற்றைப் பிளம் மரத்தில் கட்டினேன்.

லாசர்

*

கோர்னி யாசென்
2 ஜூன் 2023

அன்புத் தங்கை வெலிகாவுக்கு,

நான் எழுதி ஐந்து வாரமாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபாலை நான் குறை சொல்லத் தயார். ஆனால் மற்றவர்களுக்கு வருகிறது.

கணக்கு முடிந்துவிட்டது, ஒரு வீடு தவிர. கிரோஸ்தான். அவனிடம் முப்பது தேன் பெட்டி இருக்கிறது, புகைபோக்கியில் புகை வருகிறது, நாய் குரைக்கிறது, ஆனால் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை திரைச்சீலை ஆடியதைப் பார்த்தேன். கைத்தடியால் கதவை இடித்தேன்.

"கிரோஸ்தான், நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும்டா. தொற. ஒரு கேள்விதான்."

உள்ளேயிருந்தே கத்தினான். "கணக்கெடுக்கற அந்தப் பொண்ணும் உன் வீட்ல ஒரு கேள்விதான கேக்க வந்துச்சு?"

அதற்கு மேல் என்னவோ சொன்னான். என் காது இருக்கிற நிலையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அவனை ஒன்று என்று எழுதிக்கொண்டேன். பார்க்காமல் எழுதியதுதான். அது சரியில்லை என்று தெரியும்.

எட்டு வீடு, பத்துப் பேர் என்று கணக்கை நோட்டோடு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நீ நலமா? ஒரு வரி எழுது. அதிகம் வேண்டாம்.

லாசர்

*

வலென்சியா
20 ஜூன் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். ரெமெதியோஸ் அம்மா மே ஒன்பதாம் தேதி காலையில் போய்விட்டார். நான் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உடனே உனக்கு எழுதவில்லை. எழுதினால் அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்றும் எழுத வேண்டும். அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். இப்போது ஒரு தோழியின் சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கிறேன். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும், வீடு எது என்று ஒரு படிவத்தில் கேட்டபோது இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். அதனால் உன் புத்தகத்தைப் பார்த்து இப்போது சிரிப்பு வருவதில்லை.

இன்னொரு வீட்டில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு தாத்தா. செப்டம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணா, மித்ரா மார்ச் மாதமே என்னிடம் சொல்லிவிட்டாள். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். அந்தப் பெண் மூன்று முறை வந்தபோதும் நீ வீட்டில்தான் இருந்தாய். புகை வந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை அவள் மித்ராவிடம் போய், "பக்கத்து வீட்ல யாராவது இருக்காங்களா அம்மா?" என்று கேட்டாளாம். மித்ரா, "இருக்காரு. ஆனா இருக்கற மாதிரி இல்ல" என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு இன்னும் வருத்தப்படுகிறாள். அந்தப் பெண் எழுதியதற்குத் தானும் காரணம் என்கிறாள்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க உன் கடிதங்களில் வானிலை மட்டும்தான் இருந்தது. நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

சாப்பிடு. மித்ரா கொடுப்பதைத் திருப்பி அனுப்பாதே.

உன்
வெலிகா

*

கோர்னி யாசென்
8 ஜூலை 2023

வெலிகா,

அந்த அம்மாவுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டாய்.

ஆமாம். வீட்டில்தான் இருந்தேன்.

அந்தப் பெண் முதல் முறை வந்த அன்று ஸ்லாவ்காவின் ஓராண்டு நினைவு நாள். அடுப்பில் கோதுமை வெந்துகொண்டிருந்தது, கல்லறைக்கு எடுத்துப் போக. சர்க்கரை எவ்வளவு போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன், அதை எப்போதும் அவள்தான் போடுவாள். நாய் குரைத்தது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். இருபது வயதுப் பெண், தோளில் சிவப்புப் பை, கையில் படிவங்கள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். கதவில் இருந்த ஸ்லாவ்காவின் அறிவிப்பை நின்று படித்தாள். தலையில் இருந்த தொப்பியை எடுத்தாள்.

அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை நான் செய்தித்தாளில் முன்பே படித்திருந்தேன். முதல் கேள்வி, இந்த வீட்டில் எத்தனை பேர்.

நாற்பத்தேழு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு என்று சொன்னவன். ஒன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அதை மையால் எழுதிவிடுவாள், பிறகு அது அரசாங்கப் புத்தகத்தில் அச்சாகிவிடும். திறக்காமல் இருந்துவிட்டேன். மூன்று முறையும்.

ஒன்று என்று அச்சாகக் கூடாது என்று நினைத்தேன். பூஜ்யம் என்று அச்சாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் செய்தது தப்பு என்று இன்னமும் சொல்கிறேன். ஆனால் முழுத் தப்பும் அவர்களுடையது இல்லை. மித்ராவிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். அழுதாள், பிறகு ஒரு கிலோ பாலாடைக்கட்டி கொடுத்தாள். திருப்பி அனுப்பவில்லை.

அந்தத் தாத்தா வீட்டு வேலை நல்ல வேலையாகத்தான் இருக்கும்.

லாசர்

*

வலென்சியா
22 ஜூலை 2023

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். தோழி, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, ஒருத்தர் பொழச்சுட்டாரு" என்றேன்.

கோதுமைக்குச் சர்க்கரை: ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ, ஆறிய பிறகு. அண்ணி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

"நல்ல வேலையாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். அடுப்புக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, சும்மாதான் என்று எழுதுகிறவனும் நீதான். பிடிவாதத்தில் நீ அப்பாவின் மகன் என்றால் நானும் அவருடைய மகள்தான். வா என்று நீ கேட்டால் யோசிப்பேன். கேட்காமல் வர மாட்டேன். பஸ் இல்லாத ஊருக்கு, கேட்டாலும் இந்த முழங்காலோடு வர முடியாது. இரண்டையும் நீயே பார்த்துக்கொள்.

நலம். நீயும் அப்படியே இரு.

வெலிகா

*

கோர்னி யாசென்
20 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கை வெலிகாவுக்கு,

நான் நலம். எல்லோரும் நலம். எத்தனை பேர் என்று பின்னால் வருகிறது.

உன் கடிதம் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய், நமக்கு எப்போதும் இறப்பு அறிவிப்பு அச்சடித்துத் தருகிற கடையில் என் படத்தைக் கொடுத்தேன். அங்கே இருக்கிற அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எப்ப போனாரு?"

"எங்கயும் போகல. நாந்தான் அது."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "முன்கூட்டியே அடிச்சு வெக்கறதில்லங்க நாங்க."

"உயிரோட இருக்கேன்னு அடிங்க. அளவு அதே அளவு. படம் மேல, எழுத்து கீழ."

"அப்ப ஓரம் கறுப்பு வேணாமே?"

"வேணாம். ஈஸ்டர் முட்டைச் சிவப்பு."

இப்படி அச்சாகியிருக்கிறது: "லாசர் பெட்கோவ், வயது 79, இந்த வீட்டில் உயிரோடு வாழ்ந்துவருகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். காது கேட்காது. பலமாகத் தட்டவும்." ஸ்லாவ்காவின் நான்கு அறிவிப்புகளுக்கும் பக்கத்தில் இடம் இல்லை. கீழே ஒட்டினேன். அவள் படம் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

மித்ரா அன்றே பார்த்துவிட்டாள். "எனக்கும் ஒண்ணு அடிச்சுட்டு வாங்க. நல்ல படமா போடணும், கல்யாணப் படம்" என்றாள். இப்போது எட்டு வீட்டிலும் இருக்கிறது. ஆங்கிலேயன் தன் நாயின் படத்தையும் சேர்த்துக்கொண்டான். கிரோஸ்தான் மட்டும் கடைசி வரை பிடிவாதமாக இருந்தான். போன வாரம் காலையில் போய் நான் எதுவும் கேட்காமல் அவன் வாசலில் சும்மா உட்கார்ந்தேன். அரை மணி கழித்துக் கதவு திறந்தது.

"கேக்க மாட்டியா?" என்றான்.

"நீ தொறந்ததே போதும்."

"ஒண்ணு" என்றான். "எழுதிக்க. என் பையன் ஜெர்மனிலேருந்து வரமாட்டான். ஒண்ணுதான்."

இரண்டு பேரும் பிளம் சாராயம் குடித்தோம். அந்தச் சொல் வாயிலிருந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவன் கதவிலும் ஒட்டியாகிவிட்டது: "உயிரோடு இருக்கிறார். தேனீக்கள் கொட்டும்."

பஸ் ஓட்டுநர் அந்தக் கதவுகளைப் படம் பிடித்து நகராட்சியில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். அங்கே சிரித்திருக்கிறார்கள். சிரித்த பிறகு வெட்கப்பட்டிருக்கிறார்கள் போல. நேரில் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பற்றி முடிவு செய்வோம் என்று எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை, பஸ்ஸிலேயே ஆள் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த அதே பெண்தான். தெனிட்சா என்று பெயர்.

ஆகவே செய்ய வேண்டியவை, யார் யார் என்று எழுதுகிறேன்.

நகராட்சி: எண்ணியபடி எழுத வேண்டும். பஸ்ஸை நிறுத்தக் கூடாது. அடுத்த பதிப்பில் 214ஆம் பக்கத்தைத் திருத்த வேண்டும். பதினோரு சாவிகளுக்கு ஒரு கட்டம் போட வேண்டும்.

தெனிட்சா: மித்ரா வீட்டிலிருந்து தொடங்கட்டும். அவள் சாப்பிட வைக்காமல் விடமாட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளட்டும்.

மித்ரா: ஆடுகளை அன்று காலை மலைக்கு அனுப்பாமல் தொழுவத்திலேயே வைத்திருக்க வேண்டும். தொழில் பூஜ்யம் இல்லை என்று அவை சொல்லும்.

கிரோஸ்தான்: நாயைக் கட்ட வேண்டும். முதல் தட்டுக்கே திறக்க வேண்டும்.

நீ: அந்தத் தாத்தா வீட்டுக்கு முடியாது என்று எழுது. செப்டம்பர் 12 காலைக்குள் டவுனுக்கு வந்துவிடு, அந்தப் பெண் ஏறுகிற அதே பஸ்ஸில் ஏறு. முழங்காலுக்கு முன் இருக்கை நல்லது. மேல் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, கட்டிலை மட்டும் உன் இஷ்டப்படி போட்டுக்கொள். நான் தனியாக இருக்கிறேன், வெலிகா. வந்துவிடு. கேட்டுவிட்டேன்.

நான்: தட்டியதும் கதவைத் திறக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், நீ பின்னால் பெட்டியோடு நிற்கிறாயா என்று பார்த்துவிட்டு, பதில் சொல்ல வேண்டும். எப்படி இருந்தாலும் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்
லாசர்